பின்லாந்து மளிகைக் கடையில் ஓர் இஞ்சிவேர்: 'இங்க்கிவேரி' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னிஷ் மொழியில் இஞ்சிக்குப் பெயர் 'இங்க்கிவேரி'. இதைத் தமிழர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் "அட, நம்ம இஞ்சிவேர்!" என்பார்கள், அதற்கடுத்த நிமிடமே "அப்போ பின்னிஷ் தமிழிலிருந்து வந்ததுதானே?" என்று முடிவும் கட்டிவிடுவார்கள். சிரிப்பு சரி, இரண்டாவதும் பெருமளவு சரி. மூன்றாவதில்தான் தகராறு. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது?

முதல் அசையில் அழுத்தம்: இங்க்-கி-வே-ரி. 'இங்கு' என்பதில் வருகிற மெல்லிய க அல்ல, 'பாக்கு'வில் வருகிற வல்லின க. 'வே' என்று எழுதியிருப்பது நம் ஏகாரம் அல்ல. ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே நிற்கிற ஒலி. கிரிக்கெட் பேட்டைச் சொல்லும்போது வாய் எப்படித் திறக்கிறதோ அப்படித் திறந்து, இழுத்துச் சொன்னால் சரியாக வரும்.

அப்படியானால் இது தமிழிலிருந்து பின்னிஷுக்குப் போன சொல்லா?

நேரடியாக இல்லை. பின்னியர்கள் இதை ஸ்வீடிஷ் பேசுகிறவர்களிடமிருந்து வாங்கினார்கள். ஸ்வீடன்காரர்கள் வட ஜெர்மானிய வணிகர்களிடமிருந்து வாங்கினார்கள். அவர்களுக்கு அது லத்தீனிலிருந்து வந்தது, லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து, கிரேக்கத்துக்கு இந்தியாவின் பிராகிருத மொழிகளிலிருந்து. அந்தப் பிராகிருதங்களுக்குக் கொடுத்தது தென்னாட்டுத் திராவிட மொழி. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான பழைய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். கைமாறிய பொருள்தான், ஆனால் முதல் கை எது என்பதில் பெரிய சண்டை இல்லை.

ஸ்வீடிஷிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பின்லாந்து 1809 வரை பல நூற்றாண்டுகள் ஸ்வீடன் அரசின் பகுதியாக இருந்தது. நகரம், கடை, சந்தை, கோயில், கோர்ட்டு என்று எங்கே போனாலும் ஸ்வீடிஷ். வெளியிலிருந்து வந்த சரக்கெல்லாம் ஸ்வீடிஷ் பெயரோடுதான் வந்து இறங்கியது. இஞ்சிக்கு ஸ்வீடிஷில் 'இங்ஙெஃபேரா'.

இதைப் பின்னிஷ் நாக்கு என்ன செய்தது என்பதுதான் சுவாரசியம். பழைய பின்னிஷில் மெல்லிய க கிடையாது, ஃப கிடையாது. வந்த சொல்லில் அவை இருந்தால் கையில் இருக்கும் ஒலியைப் போட்டுக்கொள்வார்கள். தெருவுக்கு ஸ்வீடிஷில் 'காத்தா', மெல்லிய க. பின்னிஷில் அது வல்லின க போட்டு 'கத்து'. நிறத்துக்கு ஸ்வீடிஷ் சொல் 'ஃபேரி' என்பதுபோல் ஒலிக்கும், பின்னிஷில் 'வேரி'. ஃப போய் வ வந்துவிட்டது. அதே கணக்குத்தான் இங்கேயும்: ஃபேரா, வேரி ஆயிற்று. காபிக்கு அவர்கள் சொல்வது 'கஹ்வி'. நாம் அதே ஃப-வை பகரமாக்கிக் 'காபி' என்றோம். ஒரே தொல்லை, இரண்டு தீர்வு.

கடைசியில் ஆகாரத்தின் இடத்தில் வந்து ஒட்டியிருக்கும் இகரத்தையும் கவனியுங்கள். அது பின்னியர்களுக்குப் பழகிய முடிவு. மெய்யில் முடிகிற அந்நியச் சொல்லைப் பின்னியர்கள் பெரும்பாலும் இகரம் சேர்த்துத்தான் உட்காரவைப்பார்கள்: பஸ் என்றால் 'புஸ்ஸி', பேங்க் என்றால் 'பங்க்கி'. நம்மூர் ஆட்கள் 'பஸ்ஸு', 'பேங்க்கு' என்று உகரம் சேர்ப்பது போலவே. இலக்கணம் படித்த யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு ஊரிலும் நடந்த காரியம்.

ஸ்வீடன்காரர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

ஹன்சா வணிகர்கள். லூபெக் முதலான வட ஜெர்மானியத் துறைமுகங்களின் கூட்டணி அது. இடைக்காலத்தில் பால்டிக் கடல் வணிகமே அவர்கள் கையில்தான். அவர்கள் பேசிய கீழ் ஜெர்மனில் இஞ்சிக்கு 'எங்கெஃபெர்', 'இங்கெஃபெர்' என்பதுபோன்ற வடிவங்கள் இருந்தன. இன்றைய ஜெர்மனில் 'இங்வெர்'. பின்லாந்துக்குத் தெற்கே வளைகுடாவைத் தாண்டினால் எஸ்தோனியா. பின்னிஷுக்கு நெருங்கிய உறவு மொழி, ஆனால் அங்கே இஞ்சி 'இங்வெர்'. காரணம் எளிது: எஸ்தோனிய நகரங்களில் மேலோங்கியிருந்தது ஜெர்மன். அக்கா தங்கை மொழிகள் இரண்டும் ஒரே சரக்கை வெவ்வேறு கடையில் வாங்கியிருக்கின்றன.

ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' என்கிறார்களே, பின்னிஷில் அந்த 'ஜ' எங்கே?

ஜெர்மானிய மண்ணில் உதிர்ந்துவிட்டது. பிற்கால லத்தீனில் 'கிங்கிபெர்' என்று எழுதினார்கள். இகரத்துக்கு முன்னால் வந்த அந்த முதல் எழுத்து நாளடைவில் இளகி, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஜகரம் போல ஆனது. பழைய உயர் ஜெர்மனில் 'கிங்கிபெரோ', 'இங்கிபெரோ' என்று இரண்டு வடிவமும் ஏட்டில் இருக்கின்றன. இரண்டாவதுதான் பிழைத்தது. அதிலிருந்து கிளம்பியவை எல்லாம் மொட்டைத் தலைதான்: ஜெர்மன், டேனிஷ், ஸ்வீடிஷ், எஸ்தோனியன், பின்னிஷ். ரஷ்யர்களும் போலந்துக்காரர்களும் 'இம்பிர்' என்பதும் இந்தக் கிளையே.

கிரேக்கரும் ரோமரும் இஞ்சியைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருந்தார்கள்?

சுவை தெரியும், விலை தெரியும், ஊர் தெரியாது. கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', லத்தீனில் 'சிங்கிபெரி'. முதல் எழுத்தை ஸகரத்துக்கும் ஜகரத்துக்கும் நடுவே அதிர்வோடு சொல்லவேண்டும். ரோமானிய அறிஞர் பிளினி, அதாவது கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர், ஒரு ராத்தல் இஞ்சி 6 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று எழுதிவைத்திருக்கிறார். அப்போது கருமிளகு 4 தினாரியஸ். மிளகை விட இஞ்சி விலை கூட! சிலர் இஞ்சியை மிளகு மரத்தின் வேர் என்று நினைக்கிறார்கள், அது தப்பு என்றும் அவரே சொல்கிறார். அதுவரைக்கும் சரி. அப்புறம், அது அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரைப் பக்கமும் விளைவதாக எழுதிவிட்டார். சரக்கு அந்த வழியாக வந்ததால் அங்கேதான் விளைகிறது என்று நம்பியிருக்கிறார். இடைத்தரகர்களுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை வேறு இருக்க முடியாது.

அதே நூற்றாண்டில் மருந்து நூல் எழுதிய தியோஸ்கோரிதீஸ், இஞ்சி பூச்சி அரிக்கும் பொருள் என்பதால் ஊறவைத்து மண் ஜாடிகளில் இத்தாலிக்குக் கொண்டுவருகிறார்கள் என்கிறார். ஏறக்குறைய 2,000 வருடத்துக்கு முன்னால் கப்பலேறிய இஞ்சி ஊறுகாய்!

சமஸ்கிருதத்தில் 'சிருங்கவேரம்' என்று இருக்கிறதே, மூலம் அதுதான் என்று சிலர் சொல்கிறார்களே?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

'சிருங்கம்' என்றால் கொம்பு. 'வேரம்' என்றால் உடல் என்று பொருள் கூறி, 'கொம்பு போன்ற உடல் கொண்டது' என்று விளக்கம் சொல்வார்கள். ஒரு இஞ்சித் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மான்கொம்பு மாதிரி கிளை விட்டிருக்கும், ஆகவே விளக்கம் கச்சிதமாகப் பொருந்துவது போலத் தோன்றும். ரொம்பக் கச்சிதமாகப் பொருந்துகிற சொல் விளக்கத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். தெரியாத ஒரு சொல் காதில் விழுந்தால், தெரிந்த சொற்களாக அதைப் பிரித்துக்கொள்வது மனித இயல்பு. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதே சொல் 'சிங்கிவேர'. அங்கே கொம்பு, உடல் என்று அவ்வளவு கச்சிதமாகப் பிரிக்க வராது. புத்த பிக்குகளுக்கு அனுமதிக்கப்பட்ட வேர் மருந்துகளை விநய பிடகம் பட்டியலிடும்போது மஞ்சள், சிங்கிவேர, வசம்பு என்று வரிசையாக அடுக்குகிறது. வேர்களின் வரிசையில் அது நிற்பதைக் கவனியுங்கள்.

தெற்கே இருந்து போன 'சிங்கி + வேர்' போன்ற ஒரு வடிவம் பாலியில் ஏறக்குறைய அப்படியே தங்கியது, சமஸ்கிருதத்தில் பண்டிதர்கள் அதற்குக் கொம்பு முளைக்கவைத்தார்கள் என்பதுதான் மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம்.

நாம் 'இஞ்சி' என்கிறோம். 'சிங்கி' எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி. இரண்டு மாற்றங்கள் தேவை, இரண்டுக்கும் தமிழிலேயே சாட்சி இருக்கிறது.

முதலாவது, சொல்லின் தலையில் நின்ற சகரம் உதிர்வது. தென்திராவிட மொழிகளில் இது அடிக்கடி நடந்திருக்கிறது, தமிழில் சில சொற்கள் இரண்டு வடிவத்தையும் வைத்துக்கொண்டிருக்கின்றன. சிறகு, இறகு. சிப்பி, இப்பி. இன்றைக்குச் சிறகு வேறு, இறகு வேறு என்று பொருளைப் பிரித்துக்கொண்டோம், ஆனால் வேர் ஒன்று.

இரண்டாவது, இகரம், எகரம் போன்ற உயிர்களின் அண்டையில் ககரம் சகரமாவது. கன்னடத்தில் காதுக்குக் 'கிவி', தமிழில் 'செவி'. ஆக, 'சிங்கி' தலை உதிர்ந்து, ககரம் சகரமாகி, 'இஞ்சி' ஆகியிருக்கும். ங்-உம் அதற்கேற்ப ஞ் ஆகிவிடும், அது நாக்கு தானே செய்கிற வேலை.

சங்க நூல்களுக்கு வரும்போதே இஞ்சி, இஞ்சியாகிவிட்டது. கரிகாலனின் சோழ நாட்டு வளத்தைச் சொல்லும் பட்டினப்பாலையில் தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு என்று அடுக்கி 'முளை இஞ்சி' என்று முடிக்கிறார் புலவர். (அதே சங்கத் தமிழில் கோட்டை மதிலுக்கும் 'இஞ்சி' என்று பேர். அதைப் படித்துவிட்டு மதிலைச் சுற்றி இஞ்சித் தோட்டம் என்று பரீட்சையில் எழுதியவர்களும் உண்டு.)

தமிழில் யாரும் 'இஞ்சிவேர்' என்று சொல்வதில்லையே?

சொல்வதில்லைதான். ஆனால் 'வெட்டிவேர்' என்கிறோம், 'நன்னாரி வேர்' என்கிறோம். செடியின் எந்தப் பாகம் விற்பனைக்கு என்று சொல்லவேண்டிய இடத்தில் வேர் சேரும். விற்பவனும் வாங்குபவனும் வேறு வேறு மொழி பேசும்போது அந்த முழுப்பெயர்தான் பொருளோடு ஒட்டிக்கொண்டு போகும். வெட்டிவேர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வாசனைத் திரவியக்காரர்கள் வாயில் 'வெட்டிவெர்' என்றே வாழ்கிறது. அங்கேயும் வேர் போகவில்லை.

பின்லாந்தில் இது இன்னும் வேடிக்கை. பின்னிஷில் வேருக்கு 'யூரி' என்று பெயர். பச்சை இஞ்சியைச் சமையல் குறிப்புகளில் 'இங்க்கிவேரின்-யூரி' என்றும் எழுதுவார்கள், அதாவது 'இஞ்சியின் வேர்'. இஞ்சிவேர்-இன் வேர்! நாம் 'நடுசென்டர்' என்று சொல்வதில்லையா, அது போல. போதாக்குறைக்கு, தாவரவியல்படி இஞ்சி வேரே இல்லை, மண்ணுக்கடியில் ஓடும் தண்டு.

கடைசியில் பின்னிஷ் வடிவம் தமிழுக்கு இவ்வளவு நெருக்கமாக வந்தது எப்படி?

தற்செயல். ஆனால் அழகான தற்செயல்.

தலையெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே போன சொல்லில் சகரம் தங்கியது; பாலி, கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு எல்லாவற்றிலும் ஏதோ ஒரு ரூபத்தில் இருக்கிறது. தமிழில் அது உதிர்ந்தது தனியாக. ஜெர்மானியத்தில் உதிர்ந்தது அதற்கு ரொம்பப் பிந்தி, அதுவும் தனியாக. இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வகரத்தின் கதை இன்னும் சுற்று. 'வேர்' பாலியில் வகரம். கிரேக்கத்துக்குப் போனபோது பகரம். ஜெர்மனில் மறுபடி வகரம். ஸ்வீடிஷில் ஃப. பின்னியர்களிடம் ஃப இல்லாததால் திரும்ப வகரம். 'இங்க்' இருக்கிறதே, அதில் மட்டும் பின்னிஷ் நம்மைவிடப் பழைய கோலத்தில் இருக்கிறது. நாம் 'ஞ்ச' ஆக்கிவிட்டோம், 'ங்க' அங்கே இருக்கிறது.

ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு சொல் வரலாறு எழுதக்கூடாது என்பதற்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் இது. இங்கே முடிவு சரியாக இருந்தும்கூட, வழி தப்பு.

அரபியில் 'ஸஞ்சபீல்' என்பதும் இதே சொல்லா?

ஆமாம், பாரசீகம், அரமேயம் வழியாகப் போன கிளை. குர்ஆனில் 76ஆம் அத்தியாயம் 17ஆம் வசனத்தில் சுவனத்துப் பானத்தில் கலக்கப்படுவதாக வருகிறது.

இடைக்கால ஐரோப்பாவுக்கு இஞ்சி போனதில் அரபு வணிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் பெயர் ஏற்கெனவே லத்தீனில் இருந்ததால் அதுவே நீடித்தது. சுமார் 1340இல் வணிகக் கையேடு எழுதிய ஃப்ளோரன்ஸ் நகரத்துப் பெகோலோத்தி மூன்று வகை இஞ்சியைச் சொல்கிறார்: பெல்லேதி, கொலம்பினோ, மிக்கீனோ. மிக்கீனோ மக்கா வழியாக வந்தது. கொலம்பினோ நம் பக்கத்துக் கொல்லத்தின் சரக்கு. பெல்லேதி என்பது அரபியின் 'பலதி', அதாவது 'நாட்டு' இஞ்சி. நாட்டுக்கோழி, நாட்டுத்தக்காளி மாதிரி ஒரு நாட்டு இஞ்சி இத்தாலிக் கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கப்பலில் போனது இஞ்சியா, சுக்கா?

பெரும்பாலும் சுக்கு. பச்சை இஞ்சி அவ்வளவு தூரம் தாங்காது. நாம் காய்ந்ததற்கும் பச்சைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம், குணமும் வேறு என்று சொல்கிறோம். ஐரோப்பியர்களுக்குப் போனது சுக்கு, ஒட்டிக்கொண்ட பெயர் மட்டும் இஞ்சியுடையது. இன்றும் பின்னிஷில் சுக்குக்குத் தனிச் சொல் கிடையாது. 'காய்ந்த இங்க்கிவேரி', 'பொடித்த இங்க்கிவேரி', அவ்வளவுதான்.

பின்லாந்தில் இஞ்சியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

கிறிஸ்துமஸ் என்றால் 'பிபர்காக்கு' என்கிற மெல்லிய மசாலா பிஸ்கட். லவங்கப்பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்குப்பொடி சேரும். 'பிபர்' என்பது மிளகு, ஆனால் இன்றைய பிஸ்கட்டில் மிளகு சேர்ப்பது அரிது. சூடாகக் குடிக்கும் 'க்ளோகி' பானத்திலும் இஞ்சி உண்டு. மற்றபடி ஆசியச் சமையல் பரவியபின் பச்சை இஞ்சி எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது.

பின்னிஷும் தமிழும் உறவு மொழிகள்தானே?

இல்லை. பின்னிஷ் யுராலிக் குடும்பம். எஸ்தோனியன், வட ஸ்காண்டிநேவியப் பூர்வகுடிகள் பேசும் 'சாமி' மொழிகள், தூரத்தில் ஹங்கேரியன் அதன் உறவுகள். இந்த நினைப்பு வந்ததற்கு வரலாறு உண்டு. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில், பின்னிஷ், துருக்கி முதலியவற்றைச் சேர்த்து 'சித்தியன்' என்றழைத்த கூட்டத்தோடு திராவிட மொழிகளை ஒப்பிட்டார். இரண்டும் விகுதிமேல் விகுதி ஒட்டும் மொழிகள், வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் வரும், ஆகவே அவருக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒட்டுநிலை என்பது மொழியின் கட்டுமான முறை, இரத்த உறவுக்கு அத்தாட்சி அல்ல. இன்றைய மொழியியலில் இந்தக் கருத்துக்கு இடமில்லை.

உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் ஆளைச் சொல்கிறேன்: ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் அஸ்கோ பர்போலா. சிந்துவெளி எழுத்தின் மொழி திராவிடமாக இருக்கலாம் என்று பல பத்தாண்டுகள் உழைத்தவர். 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அவருக்குச் செம்மொழி விருது கொடுத்தார்கள்.

நூறுக்குப் பின்னிஷில் 'சத்தா' என்று கேள்விப்பட்டேன். அதுவும் நம்மிடமிருந்து போனதா?

'சதம்' தமிழுக்கே வடமொழியிலிருந்து வந்த கடன், மறந்துவிடாதீர்கள். பின்னிஷ் 'சத்தா' மிகப் பழைய இந்தோ-ஈரானிய மொழியிலிருந்து யுராலிக் மொழிகள் வாங்கியது. வடமொழி 'சதம்' அதே இந்தோ-ஈரானியக் குடும்பத்தின் சொல். ஒரே கிளையிலிருந்து ஒரு பழம் அவர்கள் கூடையிலும் ஒரு பழம் நம் கூடையிலும் விழுந்திருக்கிறது.

தமிழ் மூலம் உள்ள வேறு சொற்கள் பின்னிஷில் உண்டா?

உண்டு, எல்லாமே ஐரோப்பிய மொழிகள் வழியாக. 'கதமராணி' என்றால் ராணி அல்ல, கட்டுமரம். 'மாங்கோ' மாங்காயின் வழி, போர்ச்சுகீசியர் மலபாரில் பிடித்த சொல். 'கர்ரி' நம் கறி. 'பாரியா' என்ற சொல்லும் இருக்கிறது, பறையர் என்ற பெயரிலிருந்து ஐரோப்பியர்கள் உண்டாக்கியது, விலக்கப்பட்டவன் என்ற பொருளில். அதைப் பெருமைப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

'பிப்புரி', அதாவது மிளகு, வடமொழி 'பிப்பலி' வழி. நம் திப்பிலிக்கு உறவு, மிளகுக்கு அல்ல.

அப்படியென்றால் இஞ்சிச் செடியே தமிழகத்தில் பிறந்ததா?

சொல் பிறந்த இடமும் செடி பிறந்த இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இஞ்சி காட்டில் தானாக வளர்வதாக எங்கும் தெரியவில்லை. மனிதர் நட்டு வளர்த்தது மட்டுமே இருக்கிறது. தென்கிழக்கு ஆசியப் பக்கம்தான் அது முதலில் பயிராகியிருக்கவேண்டும் என்று கருதுகிறார்கள். மேற்குலகுக்கு விற்றது நம் கடற்கரை, அதனால் ஒட்டிக்கொண்டது நம் பக்கத்துப் பெயர்.

வட இந்தியாவில் இந்தச் சொல் இன்னும் இருக்கிறதா?

பேச்சு வழக்கில் பெரும்பாலும் இல்லை. இந்தியில் 'அத்ரக்', ஈரமானது என்று பொருள்தரும் 'ஆர்த்ரக' என்ற வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. சுக்குக்கு அங்கே 'சோண்ட்'. ஆனால் சிங்களத்தில் சொல் பிழைத்திருக்கிறது: 'இங்குரு'. பாலியின் சிங்கிவேரவுக்குச் சொந்தம். அங்கேயும் முன்னால் நின்ற சகரம் உதிர்ந்துவிட்டது, தமிழையும் கேட்காமல், ஜெர்மனையும் கேட்காமல், மூன்றாவது தடவையாக.